நான் ஊருக்குக் கொண்டுபோன இரண்டு லிட்டர்

தமிழ்நாட்டில் முழு மதுவிலக்கு வேண்டும் என்று கூட்டங்களில் பேசியவன் நான். ஊரில் மதுக்கடையை மூடக் கேட்டு எழுதிய மனுவில் முன்னால் நின்று கையெழுத்துப் போட்டவன். அதே ஆண்டுகளில், விடுப்பில் போனபோதெல்லாம் துபாய் விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் மது வாங்கிக்கொண்டுபோய் என் தம்பி கையில் கொடுத்தேன். இன்று அவனுக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருக்கிறது. அவன் குடித்ததற்கெல்லாம் நானே காரணம் என்று சொன்னால் அது மிகை. எனக்கு அதில் பங்கே இல்லை என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேன், அது பொய். அந்தப் பொய்யை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

என் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். மீனா பஜாரில் துணி மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றுக்குக் கணக்கெழுத வந்து, வாழ்வின் பெரும்பகுதியைப் பர் துபாயிலேயே கழித்துவிட்டேன். அல் ஃபஹீதி தெருவுக்குப் பின்னால் பழைய கட்டடம் ஒன்றில் பெட் ஸ்பேஸ். அடுக்குக் கட்டில், பொது மெஸ். இங்கே சட்டத்துக்கு அடங்கி நடப்பது வந்த சில மாதங்களிலேயே எல்லாருக்கும் பழகிவிடும். சிகரெட் துண்டைத் தெருவில் போட்டால் மாநகராட்சி 500 திர்ஹம் அபராதம் போடும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் சிறை உண்டு. 2025 மார்ச் 29 முதல் நடப்பில் உள்ள போக்குவரத்துச் சட்டத்தில் அதற்கான அபராதம் 20,000 திர்ஹத்தில் தொடங்கி 1,00,000 வரை போகிறது. ஊரில் கண்ட இடத்தில் துண்டை எறிந்த என் கை இங்கே குப்பைத்தொட்டியைத் தேடியது. அதை என் ஒழுக்கம் என்று நம்பினேன். என் பிழை அந்த நம்பிக்கையில்தான் தொடங்கியது.

துபாயில் மது தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. கட்டுக்குள் வைக்கப்பட்ட பொருள். நான் வந்த காலத்தில் 21 வயது நிரம்பிய, முஸ்லிம் அல்லாத ஒருவர் காவல்துறை தரும் உரிம அட்டை இருந்தால்தான் கடையில் வாங்க முடியும். விண்ணப்பத்தில் முதலாளியின் கையெழுத்து வேண்டும், சம்பளச் சான்று வேண்டும். சம்பளத்துக்கு ஏற்றபடி மாதத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பு இருந்தது. விலைக்குமேல் 30 விழுக்காடு நகராட்சி வரி. வாங்குகிறவர் தன் வீட்டில் வைத்துக் குடிக்கத்தான் அந்த அட்டை. அடுத்தவருக்கு வாங்கிக் கொடுக்க அல்ல.

எனக்கு அட்டை இருந்தது. அறையில் மற்றவர்களுக்கு இல்லை. கட்டட வேலைக்கும் கிடங்கு வேலைக்கும் போகிறவர்களுக்கு அதை எடுக்கும் அளவு சம்பளமும் இல்லை, கையெழுத்துப் போட்டுத் தரும் முதலாளியும் இல்லை. வார விடுமுறைக்கு முந்தைய இரவுகளில் எல்லாருக்கும் சேர்த்து நான்தான் வாங்கிவந்தேன். ஒரு ஃபில்ஸ்கூட லாபம் வைக்கவில்லை, ஆகவே இது விற்பனை ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். அவர்களில் ஒருவர் ஒரு மாதக் கடைசியில் ஊருக்குப் பணம் அனுப்ப வழியில்லாமல் என்னிடம் கடன் கேட்டார். கொடுத்தேன். ஆனால் சரக்குக் கணக்கில் அவர் எனக்குத் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தேன். அவருடைய பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திலிருந்து குடிக்கான பாக்கியைப் பிடித்தவன் நான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கு நேராகி விட்டது என்றுதான் நினைத்தேன்.

சிகரெட் கதையும் சொல்ல வேண்டும். என் மனவுறுதியின் அளவு அதில்தான் எனக்குத் தெரிந்தது. 2017 அக்டோபர் 1ஆம் தேதி ஐக்கிய அரபு அமீரகம் புகையிலைப் பொருள்களுக்கு 100 விழுக்காடு கலால் வரி போட்டது. நான் வழக்கமாக வாங்கிய பெட்டியின் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. உடனே விட்டுவிடவில்லை. மலிவான வேறொரு பெட்டிக்கு மாறிக்கொண்டேன். 2019 டிசம்பரில் ஒரு சிகரெட்டுக்குக் குறைந்தது 40 ஃபில்ஸ், அதாவது இருபது அடங்கிய பெட்டிக்குக் குறைந்தது 8 திர்ஹம் வரி கணக்கிடும் விலை என்று வந்தபோது அந்த மலிவான வழியும் அடைபட்டது. அதன்பிறகு மெல்லக் குறைத்து ஒருவழியாக விட்டேன். மருத்துவர் சொன்னபோது விடவில்லை, மனைவி தொலைபேசியில் அழுதபோது விடவில்லை. விலை ஏறியபோது விட்டேன். விலை 10 விழுக்காடு ஏறினால் வருமானம் குறைந்த நாடுகளில் புகையிலைப் பயன்பாடு ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் பல காலமாகச் சொல்கிறது. அந்தக் கணக்கில் அடங்கிய சாதாரண மனிதன்தான் நானும்.

மதுவில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். 2020 நவம்பரில் அமீரகம் சட்டங்களைத் திருத்தியபோது, உரிமம் இல்லாமல் குடித்தால் தண்டனை என்ற அச்சம் போயிற்று. 2023 ஜனவரி 1ஆம் தேதி துபாய் அந்த 30 விழுக்காடு வரியையும் நிறுத்தி வைத்தது. உரிமக் கட்டணமும் இல்லை என்றானது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் நான் முன்பைவிட அதிகம் குடித்தேன். 2025 ஜனவரி 1ஆம் தேதி வரி திரும்ப வந்தது. என் குடி குறைந்தது. இடையில் என் குணத்தில் எந்த மாற்றமும் இல்லை. விலையும் கெடுபிடியும் இருந்தவரை அடங்கியிருந்தேன், அவை தளர்ந்ததும் நானும் தளர்ந்தேன். அறையில் என் பக்கத்துக் கட்டிலில் கீழக்கரைப் பாய் ஒருவர் இருந்தார். மலிவாகக் கிடைத்த காலத்திலும் விலை ஏறிய காலத்திலும் அவர் தொட்டதில்லை. அவருடைய கட்டுப்பாடு அவருக்குள்ளேயே இருந்தது. என்னுடையது முழுக்க முழுக்க அரசாங்கத்திடம் இருந்தது.

இப்படிப்பட்டவன் ஊரைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெரிய நீதிமானாக இருந்தேன். 2015 ஜூலை 31ஆம் தேதி, சேலம் மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் அரசின் டாஸ்மாக் மதுக்கடை ஒன்றை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டார். அந்த வாரம் கராமாவில் நண்பர் ஒருவர் வீட்டில் கூடினோம். நான் பேசினேன். தமிழ்ப் பெண்களின் கண்ணீரில் அரசு கஜானாவை நிரப்புகிறது என்றேன். பலர் கண் கலங்கினார்கள். நான் சொன்ன எதுவும் தவறில்லை. அதைச் சொல்லும் தகுதிதான் எனக்கு இல்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஊருக்குப் போய்த் தம்பிக்கு இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் போகிறவர்களுக்கு இது தெரியும். இந்தியாவுக்குள் ஒருவர் இரண்டு லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுபோகலாம். ஊருக்குப் போகும் முன்பே அந்த இரண்டு லிட்டருக்கு ஆள் பேசியிருக்கும். மச்சானுக்கு ஒன்று, பத்திரப்பதிவுக்கு அலைந்து கொடுத்தவருக்கு ஒன்று, வீட்டு வேலையை மேற்பார்த்த கொத்தனாருக்குக் கொஞ்சம். ஃபாரின் சரக்கு என்றால் அதற்கு ஒரு மரியாதை. டாஸ்மாக் வாசலில் நின்று குவார்ட்டர் வாங்குகிறவனை இழிவாகப் பார்க்கும் வீட்டிலேயே துபாய்க்காரன் கொண்டுவந்த பாட்டிலை அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பார்கள். நான் அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டேன். வருடம் முழுவதும் அடுக்குக் கட்டிலில் படுத்திருந்தவனுக்கு ஊரில் பெரியமனிதனாகத் தெரிய அதைவிடச் சுலபமான வழி கிடைக்கவில்லை.

என்னால் சொல்ல முடியாமல் இருந்தது இதுதான். தம்பி முதல் தடவை கேட்கவே இல்லை. கல்யாண வீடுகளில் எப்போதாவது குடிக்கிறவனாகத்தான் அப்போது இருந்தான். லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். நான்தான் கூப்பிட்டு, "கண்டதையும் குடிச்சு உடம்பைக் கெடுத்துக்காதடா, நல்ல சரக்கா குடி" என்று கொடுத்தேன். பிறகு வந்த விடுப்புகளில் அவன் கேட்கத் தொடங்கினான். நான் திரும்பிய பிறகு அந்த இரண்டு லிட்டர் எத்தனை நாள் தாங்கும்? அது தீர்ந்ததும் டாஸ்மாக்குக்குப் போனான். கீழக்கரைப் பாய் ஒருமுறை நான் பை கட்டும்போது, "தம்பி கேட்டாரா?" என்று மட்டும் கேட்டார். கேட்டான் என்றேன். அந்த ஆண்டைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அவர் எதைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

தம்பிக்கு வயிறு வீங்கி, தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது நான் போயிருந்தேன். இனி ஒரு சொட்டுத் தொட்டாலும் ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வராந்தாவில் தம்பி மனைவியிடம் வழக்கம்போல டாஸ்மாக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் குறுக்கே மறித்துப் பேசியதே இல்லை. அன்று பேசினாள். "கடையில வாங்கிட்டு வந்தா நான் சண்டை போடுவேன் பெரியத்தான். பாட்டிலைப் புடுங்கிக் கொல்லையில ஊத்தியிருக்கேன். நீங்க குடுத்ததை நான் எப்படி ஊத்துறது? அண்ணன் குடுத்ததும்பாரு. நீங்க வந்துட்டுப் போனா அப்புறம் என் பேச்சு எடுபடாது."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசாங்கக் கடையோடு அவள் தனியாகப் போராடிக்கொண்டிருந்தாள். அந்தப் போராட்டத்தில் அவளுடைய கையைக் கட்டிப்போட்டது நான். மூத்தவன் என்ற என் இடத்தை வைத்துக் கட்டினேன். எந்த மதுவிலக்குச் சட்டமும் அதைத் தடுத்திருக்காது. நான் கொண்டுபோனது சுங்கத்துறை அனுமதித்த அளவுதான், ரசீதும் இருந்தது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. திரும்பி வரும்போதும் என் பை சுத்தமாக இருந்ததில்லை. மெல்லும் புகையிலையை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு 2013இல் தடை செய்தது. ஆனாலும் பெட்டிக்கடையில் பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னால் எடுத்துக் கொடுத்தார்கள். துபாயிலும் அதை விற்கக்கூடாது. அறை நண்பர்கள் கேட்டார்கள் என்று துணிகளுக்கு நடுவில் பொட்டலங்களை வைத்துக் கொண்டுவந்தேன். அங்கே தடை, இங்கே தடை, இரண்டுக்கும் நடுவில் என் பை. தடை வேண்டும் என்று முழங்கியவனின் பை.

நான் கணக்கெழுதுகிறவன். தம்பி படுத்த பிறகு இந்த விஷயத்தின் பழைய கணக்கையெல்லாம் தேடிப் படித்தேன். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கள்ளிலும் சாராயத்திலும் வந்த காசு இல்லாமல் அரசு நடக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் கருணாநிதி ஆட்சியில் தளர்ந்தது, 1974இல் மறுபடி மூடினார்கள், 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திறந்தார்கள். 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் ஜெயலலிதா ஆட்சியில் தெருவுக்கு வந்து சில்லறைக் கடையாக உட்கார்ந்தது. முதல் ஆண்டில் 3,600 கோடி ரூபாயை ஒட்டி இருந்த வருவாய் 2024-25இல் 48,000 கோடியைத் தாண்டிவிட்டது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இது ஏறக்குறைய கால்பங்கு. மதுவுக்குப் பதிலாக வந்த விற்பனை வரியும் நிலைத்துவிட்டது, மதுவும் திரும்பி வந்தது. 2016இலும் 2017இலும் 2023இலும் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடியும் வருவாய் மேலேதான் போயிருக்கிறது.

இதைப் பார்த்தால் முழுத் தடைதான் வழி என்று தோன்றும். நானும் அதைத்தான் சொல்லிவந்தேன். ஆனால் வளைகுடாவிலேயே முழுத் தடை இருக்கும் நாட்டைப் பாருங்கள். குவைத்தில் 1960களிலிருந்து மது கூடாது. 2025 ஆகஸ்டில் அங்கே மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 23 பேர் இறந்தார்கள். நூற்றறுபது பேர் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்குக் கண்பார்வை போயிற்று. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப்போல ஆசிய நாடுகளிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பக்கத்து ஷார்ஜாவிலும் தடை. வாடகை குறைவு என்று ரோலாவில் குடியிருந்துகொண்டு பர் துபாய்க்கு வேலைக்கு வரும் நண்பர்கள் எங்கள் அறையில் குடித்துவிட்டு அல் குபைபாவில் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். பூட்டான் 2004இல் புகையிலை விற்பனையை நாடு முழுவதும் தடை செய்தது. கடத்தலைச் சமாளிக்க முடியாமல் 2021இல் விலக்கிக்கொண்டது.

சட்டப்படி கடை திறந்துவைத்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பதும் உண்மையில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனாலுக்குப் பலியானார்கள். டாஸ்மாக் திறந்திருந்த நாள்கள்தான் அவை. குவார்ட்டருக்குக் காசில்லாத கூலித் தொழிலாளிகள் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள். ஆகவே விலையை ஏற்றினால் போதும் என்று நான் சொல்லிவிட முடியாது. மாதச் சம்பளக்காரனான என்னை விலை அடக்கியது. அன்றாடக் கூலி வாங்குகிறவரை அதே விலை சாவுக்குத் தள்ளக்கூடும். துபாயில் விலை வேலை செய்ததென்றால் அதோடு சேர்ந்து காவலும் வேலை செய்தது. மெத்தனால் ஆலையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதைக் கண்காணிக்காத அரசு விலையை மட்டும் ஏற்றுவது கொலைக்கு ஒப்பு.

என் வாழ்வில் எது என்னை நிறுத்தியது, எது நிறுத்தவில்லை என்பதை வைத்து என் முடிவைச் சொல்கிறேன். அரசுகள் மதுவையும் புகையிலையையும் முற்றாகத் தடை செய்யக்கூடாது. தடை, குடிக்கிறவனை நச்சுச் சாராயம் விற்கிறவனிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஆனால் அரசு அவற்றை விற்று வாழவும் கூடாது. விற்பனை கூடினால் மகிழ்கிற ஓர் அரசு குடியைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மது வருவாய் ஆண்டுக்கு ஆண்டு இவ்வளவு குறையும் என்று வரவு செலவுத் திட்டத்தில் எழுதி வைத்து, அதற்கு ஈடான வருவாயை ராஜாஜி தேடியதுபோல வேறு வழியில் தேட வேண்டும். கடைகள் குறைய வேண்டும், நேரம் குறைய வேண்டும். தாலுகா மருத்துவமனைகளில் குடிநோய்க்குத் தனிப் பிரிவு வேண்டும். தம்பிக்குக் கல்லீரல் மருத்துவர் கிடைத்தார். குடியை விடக் கற்றுக்கொடுக்கும் ஒருவரைத் தேடி அவன் மனைவி பல ஊர் அலைந்தாள். சிகரெட்டைச் சில்லறையாக ஒன்று, இரண்டு என்று விற்பதை நிறுத்தினால் விலையேற்றம் அதன் வேலையைச் செய்யும்.

இவ்வளவும் அரசு செய்ய வேண்டியவை. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: விமான நிலையத்தின் வரியில்லாக் கடையைக் கடந்து விமானத்துக்குப் போயிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், அரசு செய்யாததைப் பற்றி மட்டும் பேசினேன். மதுவிலக்குக் கோரிக்கை எனக்கு ஒரு மறைவிடமாக இருந்தது. குற்றத்தை முழுக்கச் சென்னைக் கோட்டையின் மேல் போட்டுவிட்டால் என் கையைப் பார்க்க வேண்டியதில்லை. தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவன் மனைவியிடமும் கேட்டேன். தம்பி இப்போது குடிப்பதில்லை. ஆனால் வண்டி ஓட்டும் உடல்பலம் அவனுக்குத் திரும்பவில்லை.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் ஊருக்குப் போகும் சகோதரர்களே, உங்கள் பையில் அந்த இரண்டு லிட்டருக்கு இடம் வைக்காதீர்கள். அண்ணன் கேட்டாலும் மச்சான் கேட்டாலும் இல்லை என்று சொல்லுங்கள்; கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கேட்காதவர்களுக்குக் கொடுத்துப் பழக்கிவிடாதீர்கள். வீட்டில் ஒரு பெண் அந்தக் குடியோடு போராடிக்கொண்டிருந்தால், முதலில் அவளிடம் போய், "உனக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். மதுவிலக்குப் பற்றி மேடையில் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.